விமானம் சரி, யுத்தம்தான் தப்பு

“சேபரோட ஆறு துப்பாக்கியும் ஒண்ணா சுட்டாலும் மிக்-15க்குக் கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கு. இந்த கேமைச் செஞ்சவன் சரித்திரமே படிச்சதில்லையா?”

வார் தண்டர் என்ற ஆன்லைன் போர் கேமை ஆடுகிற நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர் அன்று சாயங்காலம் அமெரிக்காவின் எஃப்-86 சேபர் ஜெட் ஓட்டியிருப்பார். எதிரியான ஒரு சோவியத் மிக்கின் பின்னால் வசமாகப் போய் ஒட்டிக்கொண்டு, தோட்டா தீரும்வரை சுட்டிருப்பார். அந்த மிக் லேசாகப் புகை விட்டபடி தன் பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். கோபம் நியாயம்தான். ஆனால் சரித்திரம் படித்தவன்தான் கேமை அப்படிச் செய்திருக்கிறான். 1951-ல் கொரியப் போரின்போது, கொரியாவின் வடமேற்கு மூலையில் நிஜ சேபர் ஓட்டிய அமெரிக்கர்களும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் அலுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேபரின் மூக்கில் இருந்தவை அரை அங்குலத் தோட்டா போடும் ஆறு பிரவுனிங் துப்பாக்கிகள். இரண்டாம் உலகப்போரில் மஸ்டாங் விமானத்தில் இருந்தவற்றின் வேகம் கூட்டிய வடிவம், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டா. பெட்ரோலில் ஓடிய பழைய பிஸ்டன் விமானங்களைக் கொளுத்த அது தாராளம். மிக்கில் இருந்ததோ மண்ணெண்ணெய் வகை எரிபொருள். சண்டை நடந்ததோ 10,000 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்து கிடக்கும் உயரத்தில். எரிதோட்டா உள்ளே போனாலும் தீ பிடித்துக்கொள்ளப் போதுமான காற்று அங்கே கிடையாது. உடம்பெல்லாம் ஓட்டையோடு மிக்குகள் சீன எல்லையில் ஓடும் யாலு ஆற்றைத் தாண்டிப் பத்திரமாக இறங்கின.

மிக்கின் பக்கம் கணக்கு வேறு. ஒரு 37 மில்லிமீட்டர் பீரங்கி, இரண்டு 23 மில்லிமீட்டர் பீரங்கிகள். பி-29 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களை உடைக்கத் தேர்ந்தெடுத்தவை. ஒன்றிரண்டு பட்டால் சேபரின் கதை முடிந்தது. ஆனால் படவேண்டுமே! பெரிய பீரங்கிக்கு 40 குண்டுதான், ஆறு வினாடியில் காலி. பெரிய குண்டு ஒரு பாதையில் வளைந்து இறங்கும், சின்னக் குண்டு இன்னொரு பாதையில். துள்ளிக் குதிக்கிற சேபர் மேல் இரண்டையும் ஒருசேரப் போடுவது சாதாரண ஆளால் ஆகிற காரியமல்ல. கேமில் மிக் ஓட்டுகிறவர்கள் “எங்க குண்டு எதுவுமே படமாட்டேங்குது” என்று அழுவதும் சரித்திர சுத்தமான அழுகைதான்.

அமெரிக்க விமானப்படை தன் ஆட்களின் புகாரைக் காதில் போட்டுக்கொண்டது. 1953 தொடக்கத்தில் கன்வால் என்ற பெயரில் ஒரு சோதனை. ஆறு துப்பாக்கியை எடுத்துவிட்டு நாலு 20 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்திய எட்டு சேபர்களைக் கொரியாவுக்கே அனுப்பி, நிஜச் சண்டையில் இறக்கிப் பார்த்தார்கள். எஃப்-86எஃப்-2 என்ற அந்த விமானம் வார் தண்டரில் இருக்கிறது. ஓட்டினால் சொர்க்கம், ஒரு தட்டு தட்டினால் மிக் இரண்டாகப் பிளக்கும். நிஜத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. உயரத்தில் சுடும்போது பீரங்கியின் வெடிப்புகை மூக்கு வழியாகவே இன்ஜினுக்குள் போகும். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் திணறும், இன்ஜின் அணையும். எதிரி யாரும் சுடாமலே, தன் பீரங்கிப் புகையைத் தானே குடித்து விழவேண்டிய நிலை. கேமில் அந்த இன்ஜின் ஒருமுறைகூடத் தும்மி நான் பார்த்ததில்லை. அந்தத் தும்மல் வேண்டும் என்று யாரும் சண்டை போட்டும் பார்த்ததில்லை. பீரங்கியைக் கேட்க ஆயிரம் பேர் உண்டு, அதன் புகையைக் கேட்க ஒருவர்கூட இல்லை.

இந்த விவாதங்களில் என் கட்சி என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கு எத்தனை கிலோமீட்டர், வினாடிக்கு எத்தனை டிகிரி திரும்பும், எத்தனை தோட்டா என்று நாம் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறோமே, அந்த விஷயங்களில் இன்றைய கேம்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. விமானம் சரி. தப்பாக இருப்பது அதைச் சுற்றி இருந்த யுத்தம். அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அது சரியானால் பாதிப் பேர் கேமை அழித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எண்களைக் கொஞ்சம் பார்ப்போம், சண்டையில் முக்கால்வாசி அங்கேதான் நடக்கிறது. மிக்-15இன் மேம்பட்ட வகையான மிக்-15பிஸ் கடல்மட்டத்தில் மணிக்கு 1,076 கிலோமீட்டர் போகும் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் எண். சேபரின் எஃப் வகை 1,100-ஐத் தாண்டும். இரண்டின் இன்ஜினும் கிட்டத்தட்ட ஒரே பலம், 2,700 கிலோவை ஒட்டிய உந்துவிசை. (மிக்கின் இன்ஜின் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நீன் வழி வந்தது. போர் முடிந்த கையோடு ஆட்லி அரசாங்கம் அதைச் சோவியத்துக்கு விற்றது. பனிப்போரின் மிகப் பெரிய தானம் என்று இதைச் சொல்லலாம்.) எடை மட்டும் வேறு. சண்டைக்குக் கிளம்பும்போது மிக் சுமார் 5 டன், சேபர் 7 டன்னுக்குப் பக்கம். அதே பலத்தை வைத்துக்கொண்டு இரண்டு டன் குறைவாகத் தூக்கினால் மிக் வேகமாக ஏறும், இன்னும் உயரத்துக்குப் போகும். சேபர் பாய்ச்சலில் வேகம் பிடிக்கும், வேகத்தில் கையை விட்டுப் போகாது. இதுவரை யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு எந்தக் காகிதத்தை நம்புவது என்பதில். தொழிற்சாலைச் சோதனை என்றால் விமானம் புதுசு, பெயின்ட் வழவழப்பு, ஓட்டுகிறவர் தேர்ந்த சோதனை விமானி, வானிலையோ 15 டிகிரி என்று திருத்திக் கணக்கிட்டது. போர்முனை விமானம் என்றால் கதவு இடுக்கில் சேறு, இன்ஜினுக்கு வயசு. இன்னொரு காகிதமும் உண்டு. 1953 செப்டம்பர் 21 அன்று நோ கும்-சோக் என்ற வடகொரிய விமானி தன் மிக்-15பிஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்து சியோலுக்குப் பக்கத்தில் கிம்போ தளத்தில் இறக்கிவிட்டார். அப்படிக் கொண்டுவருபவருக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கர்கள் ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். தனக்கு அந்தப் பரிசு விஷயமே தெரியாது என்று அவர் பிற்பாடு சொன்னார். அந்த மிக்கை ஓகினாவாவுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துச் சேர்த்து, டாம் காலின்ஸ், சக் யேகர் என்ற சோதனை விமானிகளிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். அந்த அறிக்கைதான் இன்றைக்கும் சேபர் கட்சிக்காரர்களின் பிரம்மாஸ்திரம். மிக் கட்சிக்காரர்கள் சோவியத் கையேட்டை எடுத்து வீசுவார்கள். ஒன்று, யாரோ ஓட்டித் தேய்ந்த ஒரே ஒரு விமானத்தின் அளவு. மற்றது, அரசாங்கம் தன் விமானத்தைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது. நான் கவனித்தவரை எந்த ஆளும் தன் விமானம் புத்தகத்தில் சொன்னதைவிட நன்றாகப் பறக்கிறது என்று ஆவணம் கொண்டுவந்ததில்லை. குறையாகப் பறந்தால் மட்டுமே நூலகம் திறக்கும்.

எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விமானத்தின் குணம். டி.சி.எஸ். என்ற சிமுலேட்டரில் மிக்-15 ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. முதலில் பார்ப்பவர்கள் அழகுக்குப் போட்டது என்று நினைப்பார்கள். விமானம் சுழன்றுகொண்டே விழத் தொடங்கினால் விமானிக்குத் தலை சுற்றும், கைப்பிடி நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்றே தெரியாது. அப்போது கண்ணைத் திறந்து அந்தக் கோட்டுக்கு நேராகக் கைப்பிடியைத் தள்ளவேண்டும், அவ்வளவுதான். உயிர் பிழைப்பதற்கான முழுப் பாடமும் ஒரு பெயின்ட் கோட்டில். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க மிக் பாம்பு போல நெளியும், ஒரு இறக்கை தாழும், 0.92 மாக், அதாவது ஒலி வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கைத் தொட்டால் விமானியைக் கேட்காமலே வேகத்தடைகள் தானாக வெளியே வந்துவிடும். சேபரில் அந்த வேகத்திலும் வால் முழுசாகத் திரும்பும், ஹைட்ராலிக் உதவியோடு ஒற்றைக் கையால் வளைக்கலாம். அமெரிக்க விமானி போட்டிருந்த ஜி-சூட் காற்றால் உப்பி அவன் தொடையை இறுக்கும், ரத்தம் காலுக்கு இறங்காது. எதிரே இருந்த ரஷ்யனுக்கு அது கிடையாது. அதே திருப்பத்தில் அவனுக்குக் கண் இருட்டும். இதையெல்லாம் சரியாகச் செய்த கேமில் உச்ச வேகம் பத்து கிலோமீட்டர் முன்னே பின்னே இருந்தால் எனக்குக் கவலையே இல்லை.

ஆனால் டி.சி.எஸ். சேபரிலும் ஒரு கோளாறு உண்டு. அதன் இறக்கையில் சூட்டைத் தேடிப் போகும் சைட்வைண்டர் ஏவுகணை மாட்டிக்கொள்ளலாம். கொரியப் போர் ஓய்ந்தது 1953-ல். சேபர் அந்த ஏவுகணையை முதன்முதலில் சண்டையில் விட்டது 1958 செப்டம்பர் 24 அன்று, தைவான் ஜலசந்திக்கு மேல், தைவான் விமானிகள் சீனாவின் மிக்-17கள் மீது. அந்த மோதல்களில் வெடிக்காத ஏவுகணை ஒன்று ஒரு மிக்கின் உடம்பில் குத்திக்கொண்டபடியே தரைக்கு வந்து சேர்ந்து, மாஸ்கோ போய், அதன் அச்சு அசலான நகல் ஒன்றுக்கு அம்மாவானது தனிக் கதை. எனவே சேபரில் ஏவுகணை பொய்யில்லை, வருஷம்தான் வேறு. கொரியா சர்வர் நடத்துகிறவர்கள் அதைத் தடை செய்துவிடுவார்கள். தடை செய்யாத சர்வரில் போய் ஏவுகணை வாங்கிக்கொண்டு “இது சரித்திரமா” என்று கத்துவதில் அர்த்தமில்லை, அங்கே யாரும் சரித்திரம் விற்கவில்லை.

யுத்தம் தப்பு என்றேனே, அதற்கு வருகிறேன். வார் தண்டரில் பறப்பதற்கு முன் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கேட்கும். அனுபவசாலிகள் யோசிக்காமல் குறைந்ததை அழுத்துவார்கள். எடை குறைவு, திருப்பம் கூர்மை, ஆட்டமும் அதற்குள் முடிந்துவிடும். நிஜ சேபர் கிம்போவிலிருந்தும் சுவோனிலிருந்தும் 300 கிலோமீட்டருக்கு மேல் பறந்துதான் யாலு கரைக்கு வரும். இறக்கைக்கு அடியில் தொங்கும் டேங்கைக் கழற்றிப் போட்டபின் அங்கே நின்று சண்டை போட இருபது நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்குமேல் நின்றால் கடலில் இறங்கவேண்டியதுதான். மிக்கின் தளங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், சீன மண்ணில், ஆந்துங் பக்கம். அமெரிக்கன் ஆற்றைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. அதனால் மிக்குகள் தங்கள் பக்கத்திலேயே நிதானமாக உயரம் ஏறி, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, பிடித்த நேரத்தில் இறங்கி ஒரு அடி அடித்துவிட்டு மறுபடி ஆற்றைத் தாண்டிவிடும். ஓட்டியவர்களில் பலர் ரஷ்யர்கள், சீன, கொரிய அடையாளம் பூசிய விமானத்தில். வானொலியில் கொரிய மொழியில்தான் பேசவேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளை இருந்தது. சண்டையின் சூட்டில் அது ரஷ்ய வசவாக மாறிவிடும். அவர்களுக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்: கடலுக்கு மேல் போகக் கூடாது, தெற்கே தூரமாகப் போகக் கூடாது, மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு போட்ட சண்டை அது. கேமில் அந்தக் கயிறு ஒன்றுகூட இல்லை. வரைபடத்தின் இரு முனையிலும் சமமான ஓடுதளம், சமமான தூரம், சம எண்ணிக்கை. அந்த மைதானத்தில் நின்றுகொண்டு “மிக்கை விட சேபர் உசத்தி, பத்துக்கு ஒன்று என்று சரித்திரம் சொல்கிறது” என்று வாதிடுகிறவரிடம் என்ன பேசுவது? அந்தப் பத்துக்கு ஒன்றும் அமெரிக்கக் கணக்கு: 792 மிக்குகள் வீழ்ந்தன, 78 சேபர்கள் போயின. சோவியத் கணக்கைக் கேட்டால் 1,106 எதிரி விமானங்களை வீழ்த்தி 335 மிக்குகளை இழந்தோம் என்பார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வானத்தில் இருந்ததைவிட அதிகம் விழுந்திருக்கும் போல.

நம் ஊர்ப் பக்கம் இந்த நோய் இல்லை என்று நினைக்கவேண்டாம். இந்திய, பாகிஸ்தானிய ஆட்டக்காரர்கள் ஒரே சர்வரில் சேர்ந்த இரவில் நாட் விமானத்தின் பேச்சை எடுத்துப் பாருங்கள். பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டிய அந்தப் பொடி விமானத்துக்கு நம் பக்கம் ‘சேபர் ஸ்லேயர்’ என்றே பெயர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில், செப்டம்பர் 3 அன்று, நம் விமானப்படையின் ட்ரெவர் கீலர் நாட் விமானத்தில் பறந்து ஒரு பாகிஸ்தான் சேபரை வீழ்த்தினார் என்பது நாம் படித்தது. அந்த சேபர் அடிவாங்கியது உண்மை, ஆனால் தத்தித் தத்தித் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்பது அவர்கள் படித்தது. அதே நாளில் இன்னொரு நாட் பஸ்ரூரில் இறங்கியது. தங்கள் எஃப்-104 போர்விமானத்தைப் பார்த்துப் பயந்து சரணடைந்தது என்பார்கள் அவர்கள், கருவிக் கோளாறில் வழி தவறி இறங்கியது என்போம் நாம். விமானம் இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது, எப்படி வந்தது என்பதில்தான் இரண்டு சரித்திரம். இந்த நிலையில் நாட் விமானத்துக்கு எவ்வளவு திருப்பு வேகம் கொடுப்பது என்று ஒரு டெவலப்பர் எந்தப் பக்கத்துப் புத்தகத்தைப் பார்ப்பார், பாவம்.

ஐரோப்பாவுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. வார் தண்டரில் இரண்டாம் உலகப்போர்க் கால ஜெட்களான ஜெர்மனியின் மீ-262-ம் பிரிட்டனின் மீட்டியாரும் மோதாத நாளில்லை. நிஜத்தில் அவை ஒருமுறைகூட மோதவில்லை. மீட்டியார் 1944 கோடையில் சேவைக்கு வந்ததும் அதன் முதல் வேலை, லண்டனை நோக்கி ஆளில்லாமல் பறந்துவந்த வி-1 குண்டுகளைத் துரத்துவது. 616-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த டீன் என்ற விமானி துப்பாக்கி மக்கர் செய்ததால் தன் இறக்கையை வி-1இன் இறக்கைக்கு அடியில் கொடுத்துப் புரட்டித் தள்ளினார். அது 1944 ஆகஸ்ட் 4. இப்படி ஒரு காட்சியை எந்தச் சண்டை கேமும் எனக்குக் கொடுக்கவில்லை, அது ஒரு குறை. பின்னால் மீட்டியாரை ஐரோப்பியக் கண்டத்துக்கு அனுப்பியபோதும், ரகசியம் ஜெர்மானியர் கையில் விழுந்துவிடுமோ என்று எதிரிப் பகுதிக்கு மேல் போகவேண்டாம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள்.

மீ-262 பற்றிச் சண்டை எப்போதும் அதன் வேகத்தைப் பற்றி, நான்கு 30 மில்லிமீட்டர் பீரங்கிகளைப் பற்றி. அதன் ஜூமோ இன்ஜினைப் பற்றிப் பேசுங்கள், கூட்டம் கலையும். நல்ல நிக்கலும் குரோமியமும் கிடைக்காத நாட்டில் செய்த இன்ஜின் அது. ஆயுள் அதிகம் போனால் 25 மணி நேரம், பல இன்ஜின்கள் அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. த்ராட்டிலைச் சட்டென்று தள்ளினால் தீ பிடிக்கும் அல்லது அணையும். இறங்கும்போது வேகம் குறைந்த நேரம் பார்த்து மஸ்டாங்குகள் ஓடுதளத்துக்கு மேலேயே காத்திருக்கும். அதனால் ஜெட்டைக் காப்பாற்ற பிஸ்டன் விமானங்களைக் காவலுக்குப் பறக்கவிட்டார்கள். ஐ.எல்.-2 வரிசை கேமில் த்ராட்டிலை அவசரமாகத் தள்ளினால் இன்ஜின் பழிவாங்கும், அதற்காகவே எனக்கு அது பிடிக்கும். மற்ற இடங்களில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய புது இன்ஜின்.

கட்டவே கட்டாத விமானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் ஆர்2ஒய்2 கெய்உன் ஜெட்கள் வார் தண்டரில் பறந்தன. நிஜத்தில் பறந்தது அதன் பிஸ்டன் இன்ஜின் முன்மாதிரி மட்டும், ஜெட் வடிவம் காகிதத்தோடு சரி. கேமின் ஜப்பான் விமான வரிசையில் ஓட்டை விழுந்தால் எதையாவது வைத்து அடைக்கவேண்டும் அல்லவா. இதில் எனக்கு ஆத்திரம் எதுவும் இல்லை. பறக்காத விமானத்தின் திருப்பு வேகம் தப்பு என்று புகார் கொடுத்தவரைப் பார்த்தபோது மட்டும் கும்பிடு போடத் தோன்றியது.

தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், விமானப்படையில் தரைப் பிரிவில் இருந்து சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றவர். மிக்-21 ஸ்குவாட்ரன்களில் வடக்கே பல வருஷம். 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்த நிகழ்ச்சியை டிவியில் பார்த்துவிட்டு, கேமில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். டி.சி.எஸ்.ஸில் இன்ஜினைக் கிளப்பிக் காட்டினேன். சுவிட்ச் ஒவ்வொன்றாகப் போட்டேன். முன்பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தார், வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பறந்து, சுற்றி வந்து, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையைத் தொட்டு, பாராசூட்டை விரித்து நிறுத்தினேன்.

“சரி தம்பி, அந்த பாராசூட்டை யார் பொறுக்கிட்டு வர்றது?”

கேமில் அது தானாக மறைந்துவிடும் என்றேன்.

“நாங்க வண்டியில போய் எடுத்துட்டு வந்து, காயவெச்சு, மடிச்சு மறுபடி உள்ள வைக்கணும். மழைக்காலத்துல அதுவே ஒரு ட்யூட்டி. அப்புறம், டூல் செக் எங்க?”

“எது அங்கிள்?”

“வேலை முடிஞ்சதும் பெட்டியில இருக்குற ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாத்தையும் எண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த ஏர்கிராஃப்ட் பறக்காது. இன்டேக்ல கிடக்குதா, காக்பிட்ல சீட்டுக்கு அடியில கிடக்குதான்னு ராத்திரி முழுக்கத் தேடுவோம். பைலட் காலையில வந்து ‘என்ன ரெடியா’ன்னு கேப்பாரு. அவருக்கு இது எதுவும் தெரியாது.”

காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, பறக்கிறது நல்லாத்தான் இருக்கு என்று பாராட்டினார். அவர் பாராட்டியது விமானத்தை. அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் கேமில் இல்லாத ஒரு விமானப்படையைப் பற்றி.

இன்றைய விமானங்களுக்கு வந்தால் சண்டை இன்னும் கெட்டுப்போகிறது, காரணம் உண்மை யாரிடமும் வெளியில் இல்லை. ஒரு எஃப்-16-இன் ரேடார் எத்தனை இலக்குகளை எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்பதற்கு விளம்பரத் துண்டறிக்கை இருக்கிறது, ஊகம் இருக்கிறது, அதற்குமேல் பூட்டு. ஆவணம் இருந்தால்தான் புகாரை ஏற்போம் என்று வார் தண்டர் நிறுவனமான காய்ஜின் விதி வைத்திருக்கிறது. நல்ல விதிதான், ஆனால் பூட்டுக்கு உள்ளே இருக்கிற ஆளும் ஆட்டக்காரராக இருந்தால்? 2021-ல் பிரிட்டனின் சாலஞ்சர் 2 டாங்கியின் கையேட்டுப் பக்கங்கள் வெளியே வந்தன. அதே வருஷம் பிரான்ஸின் லெக்லேர்க். 2023 ஜனவரியில் எஃப்-16 சம்பந்தப்பட்ட, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருந்த பக்கங்கள். எல்லாம் ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்கு. நிறுவனம் உடனே அழித்துவிட்டு, இப்படிப்பட்ட எதையும் பயன்படுத்தமாட்டோம் என்று கையை உதறிக்கொண்டது. வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்து ஒருவர் நிரூபிக்கப் பார்த்தது தன் பொம்மை இன்னும் கொஞ்சம் பலசாலி என்பதை. இதனால்தான் 1970-க்குப் பின்னால் வந்த விமானங்களை நான் தொடுவதில்லை. அங்கே வாதம் செய்ய இரண்டு வழிதான்: ஊகம் அல்லது குற்றம்.

கடைசியாக, யுத்தத்தையும் சரியாக வைத்துப் பார்ப்போமே என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து டி.சி.எஸ்.ஸில் ஒரு ஏற்பாடு செய்தோம். கொரியா வரைபடம் எங்களிடம் இல்லை, காகசஸ்தான் இருந்தது. ஜார்ஜியாவின் எங்குரி ஆற்றை யாலு என்று வைத்துக்கொண்டோம். சேபர்கள் திபிலீசிப் பக்கத்திலிருந்து முழு எரிபொருளோடு, தொங்கு டேங்கோடு கிளம்பவேண்டும். மிக்குகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுக்குமியில். சேபர் ஆற்றைத் தாண்டக் கூடாது. மிக் கடலுக்கு மேல் போகக் கூடாது. ஏவுகணை கிடையாது. ஆற்றங்கரையில் இருபது நிமிடம், அப்புறம் வீடு.

முதல் முறை, கரைக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. ஒருவன் ஆட்டோபைலட் இல்லாத விமானத்தைக் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு தோசை சாப்பிட்டான். மிக்குகள் 14,000 மீட்டரில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு எங்களுக்கு மேலே உலாத்தின, இறங்கவே இல்லை. எங்களால் அவ்வளவு உயரம் ஏற முடியவில்லை. ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்பினோம். இறங்கும்போது என் டேங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எனக்கு அது பரம சந்தோஷம். இருவர் இனி வரமாட்டோம் என்றார்கள்.

மறுபடி ஆடியபோது எங்களில் ஒருவன் பொறுக்கமுடியாமல் ஆற்றைத் தாண்டிப் போய், சுக்குமியில் இறங்கிக்கொண்டிருந்த மிக்கைப் பின்னாலிருந்து அடித்துவிட்டான். மிக் ஓட்டியவன் விதிமீறல் என்று கத்தினான். அடித்தவன் நிதானமாகச் சொன்னான்: “டேய், நிஜ சேபர் பைலட்டுங்க எத்தனை பேரு யாலுவைத் தாண்டிப் போனாங்க தெரியுமா? மேலதிகாரிங்களே கண்டுக்காம விட்டிருக்காங்க. ஆவணம் வேணுமா, அனுப்புறேன்.”

அனுப்பினான். சரியான ஆவணம்தான். அப்படியானால் கடல் தடையையும் எடுங்கள் என்று மிக் கட்சி இப்போது கேட்கிறது. தடையை மீறிய ரஷ்யர்களைப் பற்றி அவர்கள் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது வரும்வரை அடுத்த ஆட்டம் நிற்கிறது.